உள்ளே இருப்பது அழியாமல் வன்தட்டின் கோப்பு முறைமையை மாற்றுவது பற்றி

2 பிப்ரவரி 2024, காலை. ஒரு வாசகரின் கேள்வி

என் வீட்டுக் கணினியில் இரண்டாவதாகப் பொருத்தியிருக்கும் 1 டிபி ஹார்ட் டிஸ்க் ஃபேட்32 முறைமையில் இருக்கிறது. 600 ஜிபிக்கு மேல் காலியாக இருந்தும் 6 ஜிபி அளவுள்ள ஒரு வீடியோவை அதில் வைக்க முடியவில்லை. உள்ளே இருப்பவற்றை அழிக்காமலே என்டிஎஃப்எஸ்ஸுக்கு மாற்றும் கட்டளை விண்டோஸில் இருக்கிறது, அது சில நிமிட வேலைதான், பேக்கப் எடுக்க வேண்டியதில்லை என்று நண்பர் சொல்கிறார். நம்பிச் செய்யலாமா?

2 பிப்ரவரி, இரவு

நண்பர் சொன்ன மூன்றில் முதல் இரண்டும் சரி. மூன்றாவது தவறு.

முதலில் வீடியோ ஏன் போகவில்லை என்பதைப் பார்ப்போம். எந்தக் கோப்பு தட்டில் எங்கே இருக்கிறது என்று கணக்கு வைத்திருக்கும் ஒழுங்குதான் கோப்பு முறைமை; ஃபேட்32, என்டிஎஃப்எஸ் என்பவை அதன் வகைகள். ஃபேட்32 முறைமையில் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு பதிவு உண்டு. அதில் கோப்பின் அளவைக் குறிக்க 32 பிட் மட்டுமே ஒதுக்கப்பட்டுள்ளதால் 4,294,967,295 பைட்டுக்கு மேல் எழுத அங்கே இடமில்லை. தட்டு முழுவதும் காலியாக இருந்தாலும் 4 ஜிபியைத் தாண்டிய கோப்பை அது ஏற்காது. 1996இல் விண்டோஸ் 95இன் திருத்தப் பதிப்போடு இந்த முறைமை வந்தபோது வீட்டுக் கணினியில் அவ்வளவு பெரிய ஒரே கோப்பு இருக்கும் என்று யாரும் கவலைப்படவில்லை.

விண்டோஸில் உள்ள கன்வெர்ட் கட்டளை கோப்புகளின் உள்ளடக்கத்தை இடம் மாற்றுவதில்லை. முதலில் தட்டைச் சோதிக்கிறது. பிறகு ஃபேட் முறைமை காலி என்று கருதும் இடத்தில் என்டிஎஃப்எஸ்ஸின் அட்டவணைகளை எழுதுகிறது. எந்தக் கோப்பு எந்தக் கிளஸ்டர்களில் (கோப்புக்கு ஒதுக்கப்படும் மிகச் சிறிய இடத் துண்டுகளில்) இருக்கிறது என்பதைப் புதிய அட்டவணையில் பதிகிறது. தட்டின் தொடக்கப் பகுதியை இறுதியில்தான் மாற்றுகிறது. ஆகவே அதற்கு ஆகும் நேரம் எத்தனை ஜிபி என்பதைவிட எத்தனை கோப்புகள் என்பதைப் பொறுத்தே அமைகிறது. நண்பர் சொன்ன சில நிமிடங்கள் நடக்கக்கூடியவையே. ஆனால் இது ஒருவழிப் பாதை. என்டிஎஃப்எஸ்ஸிலிருந்து ஃபேட்32க்குத் திரும்ப அந்தக் கட்டளையால் முடியாது. ஃபார்மேட் செய்துதான் ஆக வேண்டும்.

என் கருத்து இதுதான்: பேக்கப் எடுக்க இடம் இருந்தால் தட்டை ஃபார்மேட் செய்து கோப்புகளைத் திரும்ப நகலெடுங்கள், கன்வெர்ட் தேவையே இல்லை. இடம் இல்லையென்றால் கன்வெர்ட்டைத் தொடாதீர்கள்.

3 பிப்ரவரி

நேற்று அவ்வளவு கண்டிப்பாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. 2011இல் என் 320 ஜிபி வெளிப்புற வன்தட்டை இதே கட்டளையால் மாற்ற முயன்றேன். பேக்கப் இல்லை. தட்டின் நலனைக் காட்டும் ஸ்மார்ட் விவரங்களையும் பார்க்கவில்லை. பாதியில் வேலை நின்றுவிட்டது. தட்டிலிருந்து ஒரே சீரான டக், டக் என்ற ஓசை வந்துகொண்டிருந்தது. மூன்று மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேபிளைப் பிடுங்கினேன். மறுபடியும் இணைத்தபோது கோப்பு முறைமை என்ற இடத்தில் 'ரா' என்று மட்டும் காட்டியது, அதாவது எந்த முறைமையும் விண்டோஸுக்குத் தெரியவில்லை. வாசிக்க முடியாத செக்டர்கள் (தட்டு பிரிக்கப்பட்டிருக்கும் மிகச் சிறிய பகுதிகள்) அதற்கு முன்பே சேரத் தொடங்கியிருந்தன என்பது பிறகுதான் தெரிந்தது.

ஃபோட்டோரெக் என்ற மீட்பு மென்பொருளால் பெரும்பாலான படங்களை எடுத்துவிட்டேன். அது கோப்பு முறைமையை நம்பாமல், தட்டை நேரடியாக வாசித்து, ஒரு ஜேபெக் படம் தொடங்கும் அடையாளத்தைத் தேடிப் பிடித்து வெளியே எடுக்கும். படங்கள் வந்தன, பெயர்கள் வரவில்லை. ஒவ்வொன்றும் ஓர் எழுத்தும் நீண்ட எண்ணுமாக வந்து நின்றது. என் அப்பா ஒவ்வொரு படத்துக்கும் யார் எங்கே நிற்கிறார்கள் என்பதை முழு வாக்கியமாகப் பெயரிட்டு வைத்திருந்தார். அப்போதே அவருக்கு நினைவு மங்கத் தொடங்கியிருந்ததால் மறுபடி கேட்டு எழுதவும் வழியில்லை.

கோப்பின் பெயர் கோப்புக்குள் இருப்பதில்லை. பெயர், தேதி, எந்த ஃபோல்டரில் இருக்கிறது, யாருக்குத் திறக்க உரிமை என்பவை எல்லாம் கோப்பு முறைமையின் சொத்து. முறைமையை மாற்றும்போது கைவைப்பது அவற்றில்தான். உள்ளடக்கம் பத்திரமாக இருக்கிறது என்ற உறுதிமொழி பாதி உறுதிமொழிதான்.

5 பிப்ரவரி

2ஆம் தேதி எழுதியதைத் திருத்த வேண்டியிருக்கிறது. ஃபார்மேட் செய்து திரும்ப நகலெடுப்பதே எப்போதும் மேல் என்ற தொனியில் எழுதிவிட்டேன். பெயரையும் தேதியையும் பற்றி நேற்று முன்தினம் இவ்வளவு சொன்ன பிறகு யோசித்தால், நகலெடுப்பதும் அவற்றைத் தொடாமல் விடுவதில்லை. விண்டோஸில் கோப்புகளை இழுத்துப் போட்டு நகலெடுத்தால், கடைசியாகத் திருத்திய தேதி அப்படியே வரும். உருவாக்கிய தேதி இன்றைய தேதியாகிவிடும். தேதிவாரியாக அடுக்கிப் பழகியவருக்கு அது சிறிய இழப்பல்ல. ரோபோகாப்பி கட்டளையில் கோப்புகளுக்கும் ஃபோல்டர்களுக்கும் தேதிகளைத் தனித்தனியே காக்கச் சொல்லும் தெரிவுகள் இருக்கின்றன. ஃபோல்டருக்கான தெரிவைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். கன்வெர்ட் அந்தத் தேதிகளை இருந்தபடியே கொண்டுசெல்கிறது.

ஆகவே திருத்திய கருத்து: பேக்கப் கட்டாயம். அதை எடுத்துச் சரிபார்த்த பிறகு, கன்வெர்ட்டா ஃபார்மேட்டா என்பது உங்கள் விருப்பம்.

5 பிப்ரவரி, சற்று நேரம் கழித்து

ஃபார்மேட்டுக்குச் சாதகமான ஒன்றை விட்டுவிட்டேன். ஃபேட் முறைமையில் கோப்புகளுக்கான பகுதி பெரும்பாலும் 4 கேபி எல்லையில் தொடங்காது. அப்படி இருந்தால் பழைய விண்டோஸ் பதிப்புகளில் கன்வெர்ட் 512 பைட் கிளஸ்டர்களை உருவாக்கிவிடும். தட்டு சிறு சிறு துண்டுகளாகச் சிதறி மெதுவாகும். மாற்றிய பின் எஃப்எஸ்யுடில் கட்டளையால் கிளஸ்டர் அளவைப் பாருங்கள். 4096 என்று வந்தால் கவலையில்லை.

6 பிப்ரவரி

வேறொருவர் ஜிபிடிக்கு மாற்றினாலும் இந்தச் சிக்கல் தீருமா என்று கேட்டிருக்கிறார். தீராது. எம்பிஆர், ஜிபிடி என்பவை தட்டு எத்தனை பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது என்பதைச் சொல்லும் அட்டவணைகள். 512 பைட் செக்டர் கொண்ட தட்டு 2 டிபியைத் தாண்டும்போதுதான் எம்பிஆர் போதாமல் போகிறது. 4 ஜிபி கோப்பு வரம்புக்கும் அதற்கும் தொடர்பில்லை.

9 பிப்ரவரி

கேள்வி கேட்டவர் லினக்ஸும் பயன்படுத்த நினைப்பதாகவும், என்டிஎஃப்எஸ்ஸுக்குப் பதிலாக எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு முறைமை நல்லதா என்றும் கேட்கிறார்.

பென் டிரைவுக்கு நல்லது. கணினிக்குள் நிலையாக இருக்கும் தட்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். கன்வெர்ட் கட்டளை எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றித் தராது என்பது ஒன்று. அதைவிடப் பெரிய காரணம், என்டிஎஃப்எஸ்ஸில் உள்ள ஜர்னல் எக்ஸ்ஃபேட்டில் இல்லை என்பது. ஜர்னல் என்பது அட்டவணையில் என்ன மாற்றப் போகிறோம் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்கும் குறிப்பேடு; எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனாலும் மறுபடி தொடங்கும்போது அதைப் பார்த்து அட்டவணையை ஒழுங்கு செய்துகொள்ளலாம். கோப்புக்குள் பாதி எழுதிய பகுதியை அது காப்பாற்றாது; பெயர்களையும் இடங்களையும் காப்பாற்றும். என் கதையைப் படித்தவர்களுக்கு அதன் மதிப்பு புரியும்.

இன்னொன்று கிளஸ்டர் அளவு. 32 ஜிபிக்கு மேற்பட்ட தட்டை விண்டோஸ் எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மேட் செய்யும்போது இயல்பாக 128 கேபி கிளஸ்டரை வைக்கிறது. 2 கேபி அளவுள்ள 40,000 சிறு கோப்புகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உள்ளடக்கம் ஏறத்தாழ 80 எம்பி. எக்ஸ்ஃபேட்டில் ஒவ்வொன்றும் ஒரு முழுக் கிளஸ்டரைப் பிடித்துக்கொள்வதால் தட்டில் 5 ஜிபி போய்விடும். 4 கேபி கிளஸ்டர் கொண்ட என்டிஎஃப்எஸ்ஸில் அதற்கு 160 எம்பி போதும். வீடியோ மட்டுமே வைப்பவருக்கு இந்த வேறுபாடு ஒரு பொருட்டல்ல.

லினக்ஸைப் பொறுத்தவரை, 2021இல் வந்த 5.15 கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) முதல் என்டிஎஃப்எஸ்ஸை வாசிக்கவும் எழுதவும் கெர்னலுக்குள்ளேயே வசதி இருக்கிறது. ஆனால் விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கினால், கணினியை நிறுத்தினாலும் அது முழுமையாக நிற்பதில்லை. தட்டும் முறையாக விடுவிக்கப்படுவதில்லை. அந்த நிலையில் லினக்ஸ் அதைத் திறக்க மறுக்கலாம், அல்லது வாசிக்க மட்டும் அனுமதிக்கலாம். இரண்டையும் வைத்திருப்பவர்கள் அந்த வசதியை அணைத்துவிட வேண்டும்.

10 பிப்ரவரி

ஆப்பிள் நிறுவனம் 2017 மார்ச்சில் ஐஓஎஸ் 10.3 வழியாக ஐபோன்களின் கோப்பு முறைமையை எச்எஃப்எஸ் பிளஸ்ஸிலிருந்து ஏபிஎஃப்எஸ்ஸுக்கு இருந்த இடத்திலேயே மாற்றியதே, அப்படியிருக்க ஏன் இவ்வளவு அச்சம் என்று ஒருவர் கேட்கிறார். நியாயமான கேள்விதான். ஆனால் அவர்கள் மாற்றியது தாங்களே வடிவமைத்த கருவிகளில், அசையும் பாகமில்லாத ஃபிளாஷ் நினைவகத்தில். அதற்கு முந்தைய புதுப்பிப்புகளிலேயே மாற்றத்தை ஒத்திகை பார்த்து, முடிவைச் சோதித்துவிட்டுப் பழைய நிலைக்கே திரும்பவைத்ததையும் அவர்களே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள். நம் மேசையில் இருக்கும் பத்தாண்டுப் பழைய சுழலும் தட்டுக்கு அப்படி ஒத்திகை பார்த்தவர் யாரும் இல்லை. மாற்றுவதற்கு முன் ஸ்மார்ட் பட்டியலில் 5, 197 ஆகிய இரண்டு எண்களுக்கு நேரே இருப்பதைப் பாருங்கள். முதலாவது மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டர்களையும், இரண்டாவது வாசிக்க முடியாமல் முடிவுக்காகக் காத்திருக்கும் செக்டர்களையும் சொல்கின்றன. 197க்கு நேரே பூஜ்யம் இல்லையென்றால், மாற்றுவதை மறந்துவிட்டு முதலில் நகலெடுங்கள்.

14 பிப்ரவரி

என் மேசைக் கணினியில் சென்ற ஆண்டு செய்ததையும் பதிந்துவைக்கிறேன். அது லினக்ஸ்; அதன் கோப்பு முறைமைகளில் எக்ஸ்ட்4இலிருந்து பட்டர்எஃப்எஸ்ஸுக்கு இருந்த இடத்திலேயே மாற்றினேன். பட்டர்எஃப்எஸ் கோப்பின் உள்ளடக்கத்துக்கும் செக்சம் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) வைப்பதால், ஓசையில்லாமல் கெட்டுப்போன ஒரு படத்தை வாசிக்கும்போதே பிழை என்று சொல்லிவிடும். ஒரே தட்டில் ஒரே பிரதியாக இருந்தால் அந்தப் படத்தை அதனால் சீராக்க முடியாது. கெட்டது எது என்று தெரிவதே எனக்குப் போதுமானதாக இருந்தது.

முதலில் எஃப்எஸ்செக் வழியாகக் கட்டாயச் சோதனை. பிறகு தட்டை அன்மவுண்ட் செய்துவிட்டு, அதாவது பயன்பாட்டிலிருந்து விடுவித்துவிட்டு, மாற்றும் கருவியை இயக்கினேன். அது எக்ஸ்ட்4 காலி என்று கருதும் இடத்தில் தன் அட்டவணைகளை எழுதுகிறது. உள்ளடக்கத்தைப் பழையதும் புதியதும் பகிர்ந்துகொள்கின்றன. ஒவ்வொரு கோப்புக்கும் செக்சம் கணக்கிட வேண்டியிருப்பதால் தட்டிலுள்ளதை எல்லாம் ஒருமுறை வாசிக்கிறது. ஆகையால் விண்டோஸின் கன்வெர்ட்டைப் போல இது சில நிமிடங்களில் முடிவதில்லை. எனக்கு ஓர் இரவு ஆயிற்று. முடிந்ததும் எக்ஸ்ட்2 சேவ்டு என்ற பெயரில் ஒரு துணைத்தொகுதி தோன்றும். பழைய கோப்பு முறைமை முழுவதும் அதற்குள் ஒரே பிம்பமாக இருக்கிறது. அது இருக்கும்வரை பழைய நிலைக்குத் திரும்பலாம்.

மறுநாள் காலை கணினி எழவில்லை. கறுப்புத் திரையில் அவசர நிலை என்ற வரியும் அதன் கீழே ஒரு கர்சரும் மட்டும். மாற்றும்போது தட்டுக்குப் புதிய யுயுஐடி என்ற அடையாள எண் வந்துவிடுகிறது; தொடங்கும்போது எந்தத் தட்டுகளை இணைக்க வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் பழைய எண்ணே இருந்ததால் கணினி இல்லாத தட்டைத் தேடிக்கொண்டிருந்தது. அந்த ஒரு வரியில் எண்ணையும் முறைமையின் பெயரையும் திருத்தியதும் எழுந்துவிட்டது. கணினி தொடங்கும் ரூட் பகுதியை மாற்றுபவர்களுக்குக் கணினியைத் தொடங்கிவைக்கும் கிரப், இனிட்ராம்எஃப்எஸ் ஆகியவற்றையும் புதுப்பிக்கும் வேலை இருக்கிறது.

15 பிப்ரவரி

நேற்றைய குறிப்பில் ஓர் இடைவெளி. 'பழைய நிலைக்குத் திரும்பலாம்' என்பதன் பொருள், மாற்றிய அந்தக் கணத்துக்குத் திரும்பலாம் என்பதே. அதற்குப் பிறகு சேர்த்தவையும் திருத்தியவையும் போய்விடும். அந்தத் துணைத்தொகுதியை நீக்கினாலோ, தட்டில் உள்ளவற்றை மறுபடி அடுக்கும் பேலன்ஸ் கட்டளையை ஓட்டினாலோ திரும்பும் வழியே அடைபட்டுவிடும். நான் மூன்று வாரம் வைத்திருந்து நீக்கினேன். அதை பேக்கப் என்று நினைக்கக் கூடாது: உள்ளடக்கம் இருப்பது அதே தட்டில், அதே செக்டர்களில்.

21 பிப்ரவரி

பெயர்கள் பற்றி நான் இத்தனை நாள் எழுதத் தவறியது தமிழில் பெயரிடுபவர்களுக்கு மிகவும் முக்கியமானது.

ஃபேட்32, எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ் மூன்றிலும் கோப்பின் பெயர் 255 யுடிஎஃப்-16 அலகுகள்வரை (ஒரு தமிழ்க் குறிக்கு ஓர் அலகு) நீளலாம். எக்ஸ்ட்4இலும் பட்டர்எஃப்எஸ்ஸிலும் வரம்பு 255 பைட்டுகள். ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு இரண்டும் ஒன்றுதான். தமிழில் அப்படியல்ல. லினக்ஸில் பெயர்களை எழுதப் பயன்படும் யுடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் எடுத்துக்கொள்கிறது. உயிர்மெய்யில் மெய் தனிக் குறி, கொம்பும் காலும் தனிக் குறி, புள்ளியும் தனிக் குறி. ஆக 85 குறிகளோடு லினக்ஸில் எல்லை முடிந்துவிடுகிறது.

அந்த விபத்தில் சிக்காமல் வேறொரு கணினியில் இருந்த படம் ஒன்றுக்கு அப்பா வைத்த பெயர் இது:

வாசலில் இடமிருந்து வலமாகச் சின்னம்மா, பெரியப்பா, கையில் குடையுடன் நிற்பவர் பெரியப்பாவின் நண்பர்

கண்ணுக்குத் தெரியும் எழுத்துகள் 49. குறிகளாகப் பிரித்தால் 84. அவற்றுக்கு 252 பைட். இடைவெளிகளுக்கு 9, காற்புள்ளிகளுக்கு 2, புள்ளியோடு சேர்ந்த ஜேபிஜி என்ற பின்னொட்டுக்கு 4. மொத்தம் 267 பைட். என்டிஎஃப்எஸ்ஸில் இது வெறும் 99 அலகு. எக்ஸ்ட்4இல் 12 பைட் மிகுதி. நகலெடுக்கும்போது பெயர் மிக நீளம் என்று ஒரு வரி வரும், நகலெடுப்பு அடுத்த கோப்புக்குப் போய்விடும். ஆயிரக்கணக்கான வரிகள் ஓடும் திரையில் அந்த வரி கண்ணில் படாது. எனக்கு 31 கோப்புகள் இப்படி விடுபட்டன. எண்ணிக்கையை இருபுறமும் ஒப்பிட்டுப் பார்த்ததால்தான் தெரிந்தது.

22 பிப்ரவரி

எதிர்த்திசையிலும் ஒரு முட்டுக்கட்டை உண்டு. லினக்ஸில் பெயருக்குள் முக்காற்புள்ளி, கேள்விக்குறி, இரட்டை மேற்கோள் எல்லாம் வரலாம். விண்டோஸ் அவற்றை ஏற்காது. 'இவர் யார்?' என்று பெயரிட்ட படங்கள் என்டிஎஃப்எஸ்ஸுக்குப் போகும் முன் கேள்விக்குறியை இழக்க வேண்டும்.

24 பிப்ரவரி

மேக் கணினி வழியாகச் சென்று வந்த கோப்புகளைப் பற்றிக் கேட்டவருக்கு: எச்எஃப்எஸ் பிளஸ் பெயர்களைப் பிரித்துச் சேமிக்கும் வழக்கமுடையது. 'கொடி' என்பதில் உள்ள ஒகரக் குறி யூனிகோடில் ஒற்றைக் குறியாகவும் எழுதப்படலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்ற இரண்டு குறிகளாகவும் எழுதப்படலாம். நாம் தட்டச்சு செய்வது பெரும்பாலும் முதல் வகை. எச்எஃப்எஸ் பிளஸ்ஸில் சேமிக்கப்படுவது இரண்டாம் வகை. ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே கதை. கண்ணுக்கு ஒரே பெயர். லினக்ஸுக்கு அவை இரு வேறு பெயர்கள். ஆகவே பேக்கப்பை மறுபடி ஓட்டியபோது 'கொடி', 'கோபுரம்', 'தொட்டில்' என்ற ஃபோல்டர்கள் எல்லாம் இரண்டிரண்டாக நின்றன, 'படகு' மட்டும் ஒன்றாகவே இருந்தது. ஒகர ஓகாரம் உள்ளவை மட்டும் இரட்டிப்பதைக் கவனித்த பிறகே காரணம் பிடிபட்டது. கான்வ்எம்வி என்ற கருவி பெயர்களைச் சேர்த்தெழுதும் வடிவத்துக்கு ஒருசேர மாற்றித் தரும்.

27 பிப்ரவரி

பேக்கப்பைத் தேதியால் ஒப்பிட்டால் பாதிக்குப் பாதி வேறுபடுவதாகக் காட்டுகிறது என்கிறார் கேள்வி கேட்டவர். ஃபேட் முறைமை திருத்திய நேரத்தை 2 விநாடி இடைவெளிகளில்தான் பதிகிறது. என்டிஎஃப்எஸ் 100 நானோ விநாடிவரை பதியும். 2 விநாடிக்குள் உள்ள வேறுபாட்டைப் பொருட்படுத்த வேண்டாம். உறுதியாக அறிய வேண்டுமானால் இருபுறமும் எஸ்எச்ஏ256 என்ற செக்சத்தைக் கணக்கிட்டு ஒப்பிடுங்கள்.

2 மார்ச்

அவர் முடித்துவிட்டார். உறவினரிடம் ஒரு தட்டை இரவல் வாங்கி எல்லாவற்றையும் நகலெடுத்து, செக்சம் ஒப்பிட்டு, இரவல் தட்டைக் கழற்றி வைத்துவிட்டு, பிறகு கன்வெர்ட்டையே ஓட்டியிருக்கிறார். படங்கள் உருவான தேதிகள் மாறக் கூடாது என்பதற்காகவே அதைத் தேர்ந்ததாகச் சொல்கிறார். அவருடைய தேவைக்கு அதுவே சரியான முடிவு; 2ஆம் தேதி இரவு நான் சொன்னபடி கேட்டிருந்தால் தேதிகளை இழந்திருப்பார். கிளஸ்டர் 4096. வீடியோவும் போய்விட்டது.

9 மார்ச்

பெயர்களைத் தனியே காக்கும் வழி என்ன என்று கேட்டதற்கு: ஒவ்வொரு கோப்பின் எஸ்எச்ஏ256 எண்ணையும் அதன் பெயரையும் ஒரே வரியில் எழுதிய ஓர் எளிய உரைக்கோப்பை நான் மூன்று தட்டுகளில் வைத்திருக்கிறேன். கோப்பு முறைமை சிதைந்து படங்கள் எண்களாகத் திரும்பினாலும், செக்சம் வழியாகப் பெயரைக் கண்டுபிடித்துவிடலாம்.

இதே வழியில் 2011இல் பெயரிழந்தவற்றில் சிலவற்றை அண்மையில் மீட்டேன். அப்பா அதற்கு முன் எழுதிவைத்த ஒரு குறுந்தகடு கிடைத்தது. அதிலுள்ள படங்களின் செக்சமும் மீட்டெடுத்த படங்களின் செக்சமும் பல இடங்களில் பொருந்தின. ஆனால் அது குறுந்தகடுகளுக்கான ஜோலியட் முறைமையில் எழுதப்பட்டிருந்தது. அதில் பெயருக்கு 64 அலகுதான். பின்னொட்டுக்கு 4 போக மிஞ்சுவது 60. மேலே 21ஆம் தேதி காட்டிய படமும் அந்தக் குறுந்தகட்டில் இருக்கிறது. அங்கே அதன் பெயர் 'வாசலில் இடமிருந்து வலமாகச் சின்னம்மா, பெரியப்பா, கையில் குடை' என்பதோடு நின்றுவிடுகிறது. குடையைப் பிடித்திருப்பவர் யார் என்பது அந்த வேறொரு கணினியின் வன்தட்டில் இருந்த பிரதியில் மட்டுமே இருந்தது.